சாணும் நாலு விரலும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ எனக்கு அனுப்புகிற மண் உன் குளத்து மண் இல்லை. போன மழைக்காலத்துக்குப் பிறகு வந்த எந்தச் சாக்கிலும் அது இல்லை. எங்கேயோ கடையில் வாங்கிய மண்ணை நம் பழைய சாக்குகளில் கொட்டி, உன் கை முடிச்சைப் போட்டுக் கட்டி, காய்கறி வேனில் ஏற்றி அனுப்பியிருக்கிறாய். அந்த மண்ணில் நான் செய்த தட்டுகள் சிறுத்துப் போய் வந்தபோது, "உன் கை முன்ன மாதிரி விரியலையோ என்னவோக்கா" என்று சொன்னாய். நானும் நம்பினேன். இதுதான் நீ எனக்குச் செய்த தப்பு.

இதை முதலிலேயே எழுதிவிட்டேன். நலம் விசாரித்துவிட்டு ஆரம்பித்தால் என் கோபம் பாதியிலேயே இறங்கிவிடும். நலத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன், அதுவரை பொறுத்துக்கொள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ "சரிக்கா, சரிக்கா" என்பாய், அப்புறம் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிடுவாய். எனக்குத் தெரிந்து உன் அடுப்பில் தீய்ந்ததெல்லாம் நான் பேசிய நேரத்தில்தான் தீய்ந்திருக்கிறது. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்துச் சட்டைப்பையில் போட்டாலும் அது அங்கேயே கிடந்து குத்திக்கொண்டிருக்கும்.

நான் தட்டு செய்யும் விதம் உனக்குத் தெரியாதது இல்லை. என்னிடம் அளவுகோல் கிடையாது. ரொட்டி ஆலையில் இருந்த காலம் முழுக்க மாவை என் சாணால்தான் அளந்தேன், இப்போது மண்ணையும் அதே சாணால்தான் அளக்கிறேன். தோட்டத்தில் நீ நடத்துகிற சாப்பாட்டுக் கொட்டகையின் மேசைக்கான தட்டு ஈரத்தில் சாணும் நாலு விரலும் இருக்க வேண்டும். காய்ந்து, சூளையில் வெந்து வரும்போது இரண்டு விரல் சுருங்கி நிற்கும். அந்த இரண்டு விரல் எனக்கும் உன் குளக்கரைக்கும் நடுவே இருக்கிற ஒப்பந்தம். இதை எனக்கு எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை. விரிசல் விட்டதும் உடைந்ததும் கோணியதும் சொல்லித் தந்தன. அவற்றையெல்லாம் குவித்து வைத்திருந்தால் என் வீட்டுக்கு இன்னொரு மாடி கட்டியிருக்கலாம்.

முதலில் மூடிகள் சிறுத்தன. உனக்கு நினைவிருக்கும். சூப் கிண்ணங்கள் பழையவை, மூடிகள் மட்டும் உடைந்து போனதால் புதிதாகச் செய்து அனுப்பினேன். யாரோ ஒரு பெரிய மனிதர் பிறந்தநாளுக்கு உன் இடத்தில் சாப்பிட வந்திருந்தார் என்றும், அவர் முன்னால் மூடி கிண்ணத்துக்குள் வழுக்கி விழுந்து பூசணிச் சூப்பில் குளித்தது என்றும், அவர் சட்டையும் கூடவே குளித்தது என்றும் நீயே சொன்னாய். சொல்லிவிட்டு நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் குளத்து மண் மாதிரி தெரியவில்லையே என்று அப்போதே கேட்டேன். வழவழவென்று இருக்கிறது, கையில் மணல் தட்டுப்படவில்லையே என்றேன். "அடி மண்ணுக்கா, ஆழத்துல அப்படித்தான் இருக்கும்" என்றாய். பிறகு தட்டுகளும் சிறுத்தன. பரிமாறுகிற பெண்கள், ரொட்டியும் கீரையும் முட்டையும் வைத்தால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கிறது, சாப்பிடுகிறவர்கள் முதலில் எதைத் தள்ளுவது என்று யோசிக்கிறார்கள் என்று சொன்னதாகச் சொன்னாய். அப்போதும் கேட்டேன், மண்ணா என்று. அன்றைக்குத்தான் நீ கை என்று சொன்னாய்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். காலையில் எழுந்ததும் சூடான உப்புத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேசை மேல் கையை விரித்து, கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே கண்ணாடித் தம்ளரைச் செருகி, விரல் மடங்காமல் வைத்திருந்தேன். நல்ல தம்ளர் ஒன்று அதில் உடைந்தது. டாக்டரிடம் போனேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, "வயசாகுதும்மா" என்றார். "உங்களுக்கும்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கடைகளின் கண்ணாடியில் தெரிந்த என் கையைப் பார்த்தேன். பையைத் தூக்கியிருந்த கை. அது எனக்குச் சிறியதாகத்தான் தெரிந்தது.

அளவைக் கூட்டிப் பார்த்தேன். சாணும் ஐந்து விரலும், ஆறு விரலும். அந்த மண்ணுக்கு அவ்வளவு அகலம் தாங்கவில்லை, விளிம்பு தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு பக்கம் பார்த்தது. மேசையில் வைத்தால் ஆடியது. நீ அவற்றைத் திருப்பி அனுப்பவில்லை. "நல்லாத்தான் இருக்குக்கா, இருக்கறத வெச்சு ஓட்டிக்கறேன், நீ கொஞ்சம் ஓய்வெடு" என்றாய். என்னிடம் ஓய்வெடு என்று சொன்னது நீதான், வேறு யாருமில்லை. ரொட்டி ஆலையை மூடி எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியபோது எல்லோரும் ஓய்வெடு என்றார்கள். நீ ஒருவன்தான் ஒரு சாக்கு மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாவு இல்லன்னா என்ன, இதப் பிசை" என்று என் வாசலில் போட்டாய். அந்த வாயால்தான் இதையும் சொன்னாய்.

சக்கரத்தை மூடி வைத்தேன். நம் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று கேட்டார்கள், கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். வந்து எடுத்துப்போக வண்டி கூடப் பேசிவிட்டார்கள்.

எடுத்துப்போக வசதியாக, சக்கரம் இருக்கும் என் கொட்டகையைப் பெருக்கினேன். மண் சாக்குகளை நகர்த்தியபோது சிமெண்ட் தரையில் என் கை இருந்தது. தளம் போட்ட அன்று, ஈரம் காய்வதற்குள் நீ என் கையைப் பிடித்து அழுத்தினாயே, அது. மேலே சாக்குகள் கிடந்ததால் இத்தனை காலம் மறந்தே போயிருந்தேன். குனிந்து கையை அதில் வைத்தேன். விரலுக்கு விரல் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. முட்டி வலியால் அல்ல.

அப்புறம் நான் செய்ததை ஒரு குழந்தை கூடச் செய்திருக்கும், எனக்குத்தான் முன்பே தோன்றவில்லை. உன்னை நம்பினால் தோன்றாது. சூளைக் கதவின் இடுக்கை அடைக்க ஒரு வாளியில் பழைய மண் வைத்திருந்தேன். அதை ஊற வைத்துப் பிசைந்து ஒரு பட்டை, உன் புதுச் சாக்கிலிருந்து ஒரு பட்டை. இரண்டிலும் ஒரே சாண் கோடு கீறினேன். காய வைத்து, சூளையில் இட்டு எடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் புது மண்ணின் கோடு ஒரு விரல் குட்டை. ஒரே கை கீறிய கோடு. மண்தான் வேறு.

சாக்கைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். நான் சந்தேகப்படாமல் இருக்க அதில் வேரும் இலையும் கலந்திருந்தாய். நல்ல யோசனை. ஆனால் அது பீன்ஸ் வேர், முடிச்சு முடிச்சாக இருக்கிறது. குளக்கரையில் எப்போதடா பீன்ஸ் முளைத்தது? பொய்யையாவது கொஞ்சம் பொறுப்பாகச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு வந்த கோபம் கை விஷயத்தில் மட்டும் இல்லை. உன் சாப்பாட்டுக் கொட்டகை வாசலில் கரும்பலகை வைத்திருக்கிறாய். இன்று கீரை எந்தப் பாத்தியிலிருந்து பறித்தது, தக்காளி எந்த வரப்பிலிருந்து, முட்டை எந்தக் கூண்டிலிருந்து என்று தினமும் எழுதுகிறாய். சாப்பிட வருகிறவர்கள் நின்று படித்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். அதன் கடைசி வரி எப்போதும் அழிவதே இல்லை: 'தட்டும் இந்த மண்ணில் பிறந்ததுதான்.' அவர்கள் தட்டைத் திருப்பிப் பார்த்து, தடவிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரிக்கு இப்போது என்ன பதில்?

ஏன் என்று எழுது. குளத்தை விற்றாயா, இந்த வருஷம் நான் வந்து தோண்டாததால் வேறு ஆள் கிடைக்கவில்லையா, என் தட்டே வேண்டாம் என்று தோன்றிவிட்டதா? எதுவாக இருந்தாலும் எழுது. உன் அக்காவின் தட்டு பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுது, நான் ஒன்றும் உடைந்துபோக மாட்டேன். உடைவது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இனி நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வாண்டுக்குப் பல் விழ ஆரம்பித்துவிட்டதா? உன் மனைவி அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவதை நிறுத்தினாளா? ஊருக்கெல்லாம் உட்கார வைத்துப் பரிமாறுகிறவள் அவள், அவளை உட்கார வைக்க உனக்கு ஒரு நாற்காலி கூடவா இல்லை? மழைக்கு முன் கோழிக் கூண்டின் கூரையைப் பார்த்துக்கொள்.

கோபம் தீரவில்லை. என்றாலும்,
உன் அக்கா.

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வந்தது. 'ஆமாம் அக்கா. மாற்றினேன். காரணம் கேட்காதே.' அவ்வளவுதான். உன் பலகையில் ஒரு கட்டு கீரைக்கு நீ எழுதுவது இதைவிட அதிகம். காரணம் கேட்காதே என்று என்னிடம் சொல்ல நீ யார்? நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஏன் அழுகிறாய் என்று தெரியாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். அப்போதிருந்து உன்னிடம் காரணம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. உன் மனைவி சொல்லவில்லை, அவள்மேல் கோபித்துக்கொள்ளாதே. உன் மகள் சொன்னாள்.

அவர்கள் வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். காய்கறி வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஒரு கூடை தக்காளியோடு வந்தார்கள். உன் மனைவி வந்தவுடனேயே, "உங்களுக்குக் கோபம்னு தெரியும் அண்ணி, திட்டணும்னா என்னைத் திட்டுங்க, அவர விட்டுடுங்க" என்றாள். முதலில் சாப்பிடு, திட்டு எங்கேயும் ஓடிவிடாது என்றேன். உட்கார வைத்தே சாப்பாடு போட்டேன். வாண்டு என் பழைய தட்டில் முட்டையைச் சுற்றிச் சுற்றித் துரத்திக்கொண்டிருந்தாள். துரத்திக்கொண்டே, "அத்தை, உன் குழியில தண்ணி செம ஜில்லு" என்றாள்.

உன் மனைவி அவள் தட்டை இன்னும் அருகில் நகர்த்தினாள். "சாப்பிடும்போது பேசாத" என்றாள்.

எந்தக் குழி என்று நான் கேட்டேன்.

"நீ மண்ணு தோண்டினியே, அது. நான் தவளை பார்க்கப் போனேன். தவளை போயிடுச்சு, நான் விழுந்துட்டேன். அப்பா செருப்போட குதிச்சாரு. ஒரு செருப்பு இன்னும் உள்ளதான் இருக்கு, தெரியுமா?" என்றாள். ஏதோ திருவிழா விளையாட்டு போலச் சொன்னாள். பிறகு, முட்டையில் மஞ்சள் மட்டும் போதும், வெள்ளை வேண்டாம் என்றாள்.

நான் அவள் தட்டிலிருந்த வெள்ளையை எடுத்துச் சாப்பிட்டேன். 

அவளுக்கு ஒரு உருண்டை மண்ணைக் கொடுத்து வாசலில் உட்கார வைத்துவிட்டு, உன் மனைவியைக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். அப்புறம் அவள் மறைக்கவில்லை. முதல் மழையில் குழி நிரம்பியதையும், எது கரை எது தண்ணீர் என்று தெரியாமல் இலை மிதந்ததையும், வரப்பில் பூசணி அறுத்துக்கொண்டிருந்த நீ தண்ணீரில் குழந்தையின் ரிப்பனை மட்டும் பார்த்ததையும் சொன்னாள். மறுநாளே இயந்திரம் கொண்டுவந்து குழியை மூடினாயாம். மேலே பீன்ஸ் போட்டாயாம். அந்த வேரைத்தான் எனக்குச் சாக்கில் போட்டு அனுப்பியிருக்கிறாய். அதற்குப் போய் நான் உன்னைக் கேலி செய்து எழுதினேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மற்ற எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

நான் வருகிறேன் என்று சொன்னபோதெல்லாம் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், பாதை சேறாக இருக்கிறது என்று நீ சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறது. உன் வீட்டுக்கு இத்தனை முறை வெள்ளையடித்திருந்தால் இந்நேரம் சுவர் உள்ளே வந்து கட்டிலை இடித்திருக்கும்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா அவ இனிமே மண்ணையே தொட மாட்டா" என்று நீ சொன்னாயாம். அதற்காக உன் மனைவியிடம் சத்தியம் வாங்கினாயாம். மண் கடைக்குப் போய், நம் மண்ணின் நிறத்துக்கு ஒத்து வருகிறதா என்று ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தாயாம். நான் மண்ணா என்று கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல் கை என்று வாயில் வந்துவிட்டதாம். போனை வைத்துவிட்டுச் சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டாயாம், ஆட்கள் வந்து காத்திருந்தும் எழுந்து போகவில்லையாம். அன்று பரிமாறியது அவள்தானாம். இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல நான் மண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தேன். உன் கடை மண்ணைத்தான்.

தம்பி, நான் சொல்வதைக் கோபமில்லாமல் படி. என்னைச் சக்கரத்தில் உட்கார வைத்திருப்பதற்காக நீ சொன்ன பொய்தான் என்னைச் சக்கரத்திலிருந்து இறக்கியது. நான் தாங்க மாட்டேன் என்று நீயே முடிவு செய்துவிட்டாய். என் கை சிறுத்துவிட்டது என்று நான் நம்பியதைவிட, நான் சிறுத்துவிட்டேன் என்று நீ நம்பியதுதான் எனக்கு வலிக்கிறது. அது தப்புத்தான். குழந்தை விழுந்தாள் என்பதற்காக அது சரியாகிவிடாது.

நீ பயந்தது முழுக்கப் பொய்யும் இல்லை. அவர்கள் கிளம்பிப் போன பிறகு கொஞ்ச நாள் எனக்குக் கொட்டகைக்குள் போக முடியவில்லை. போனாலும் மண்ணைத் தொட முடியவில்லை. தொட்டால் ஜில்லென்று இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும், இதற்கு முன் நான் அதைக் கவனித்ததில்லை. வாண்டின் கையில் கொடுத்துவிட்டு வந்த உருண்டை வாசலில் காய்ந்து கிடந்தது. நாலு கால், பெரிய வாய். தவளை. அதைப் பார்த்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுதேனா என்று கேட்காதே. நீ காரணம் கேட்காதே என்றாய், நான் இதைக் கேட்காதே என்கிறேன். சரிக்குச் சரி.

பிறகு எழுந்து போனேன். யாரும் என்னை எழுப்பவில்லை.

அந்தக் குழி என்னுடையது. ஒவ்வொரு கோடையிலும் வந்து நான் தோண்டியது, மேலும் மேலும் ஆழமாக்கியது, மூடாமல் விட்டுப் போனது. நீ மறைத்து வைத்தால் அது உன்னுடையதாகிவிடாது. என் பங்கை என்னிடம் கொடுத்துவிடு. ஒருவனே இரண்டு பேர் பாரத்தைச் சுமந்தால் அது குறையவா போகிறது? வாண்டு குளிக்கும்போது இன்றைக்கும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "பாடிக்கிட்டே குளி, பாட்டு நிக்கக் கூடாது" என்று சொல்கிறாயாமே. உன் மனைவி அதைச் சொன்னபோதுதான் அழுதாள், மற்றதற்கு அழவில்லை. நீ குளத்துப் பக்கமே போவதில்லை என்றும், அங்கிருக்கும் கீரையைப் பறிக்க அவளையே அனுப்புகிறாய் என்றும் சொன்னாள். ராத்திரி எழுந்து எழுந்து குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறாய் என்றாள்.

நான் சொல்கிறேன், கேள். குழந்தை நன்றாக இருக்கிறாள். மஞ்சள் தின்றாள், வெள்ளையை ஒதுக்கினாள், என் வீட்டு மாடிப்படியில் மேலும் கீழுமாக ஓடினாள், உன் மனைவி அதட்டியும் நிற்கவில்லை. தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது அவள் கண்ணில் பயம் இல்லை, நான் நன்றாகப் பார்த்தேன். தண்ணீரை அவள் தவளையின் வீடு என்றுதான் நினைக்கிறாள். அப்பா வருவதற்குள் குழியில் இருந்த நேரத்தை அவள் மறந்துவிட்டாள், அப்பா வந்ததை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாள். நீ இன்னும் அந்தக் குழிக்குள்தான் நிற்கிறாய்.

இனி செய்ய வேண்டியவை. யார் என்ன செய்ய வேண்டும் என்று பிரித்தே எழுதுகிறேன். பிறகு, நீ செய்வாய் என்று நான் நினைத்தேன், நான் செய்வேன் என்று நீ நினைத்தாய் என்ற பேச்சு வரக் கூடாது.

உன் மனைவி, பழைய சூப் கிண்ணம் ஒவ்வொன்றின் வாய்க்கும் ஒரு நூலைச் சுற்றி, அந்த அளவுக்கு வெட்டி, நூல்களை என்னிடம் அனுப்ப வேண்டும். இந்த முறை மூடி குளிக்காது.

வேன்காரர், மண்ணைக் கடைப் பையோடேயே கொண்டுவந்து தர வேண்டும். பழைய சாக்கில் மாற்றச் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அவருக்கும் இதெல்லாம் தெரிந்திருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இனிமேல் எனக்கு அவர் தலையைச் சொறிந்துகொண்டு வணக்கம் சொல்ல வேண்டாம், நேராகவே சொல்லலாம்.

பலகையின் கடைசி வரியை நீ அழிக்க வேண்டும். 'தட்டு என் அக்கா செய்தது. மண் கடையில் வாங்கியது' என்று எழுது. அதைப் படித்துவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். தக்காளிக்கு உண்மை சொல்லிவிட்டுத் தட்டுக்குப் பொய் சொன்னால், சாப்பிடுகிறவர்கள் எதை நம்பி வாயில் வைப்பார்கள்?

பீன்ஸ் அறுத்த பிறகு அந்த இடத்தைக் காலியாக விடாதே. மறுபடி ஏதாவது போடு. அங்கே இனி யாரும் மண் எடுக்க வேண்டாம், நானும் எடுக்க மாட்டேன். செருப்பு அங்கேயே இருக்கட்டும்.

வாண்டு நீச்சல் பழக வேண்டும். யார் பழக்குவது என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் நீ கரையில் நின்று பார்க்க வேண்டும். தவளை பார்க்கப் போவதைத் தடுக்காதே. யாராவது பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். அவள் செய்த தவளையைச் சூளையில் வேக வைத்திருக்கிறேன், சுருங்கித்தான் போயிருக்கிறது என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

பள்ளிக்கூடத்துக்கு நானே போய், சக்கரத்தைத் தர முடியாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளை இங்கே அனுப்பச் சொல்லலாம், ஆனால் எதையும் தொட்டு உடைக்கக் கூடாது. உடைப்பார்கள். சரி.

புது மண்ணின் சுபாவத்தை நான் கண்டுபிடிக்க வேண்டும். அகலமாக்கினால் விளிம்பு தூக்குகிறது என்றால் அதை மெதுவாகக் காய வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஈரத்துணி போட்டு. நினைப்பது சரியா என்று உடைந்தால் தெரியும். எத்தனை விரல் கூட்ட வேண்டும் என்பதையும் நானே பார்த்துக்கொள்வேன், நீ எதுவும் சொல்ல வேண்டாம். அடுத்த அறுவடைக்குள் உன் மேசைக்குத் தட்டு வந்து சேரும்.

நீ இங்கே வர வேண்டும். தனியாக. காய்கறி எதுவும் கொண்டுவராதே, கையை வீசிக்கொண்டு வா. என் சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று ஆரம்பத்திலிருந்து என்னிடம் சொல்ல வேண்டும். எங்கே நின்றாய், என்ன பார்த்தாய், என்ன கத்தினாய், தண்ணீர் உனக்கு எதுவரை இருந்தது, அவளைத் தூக்கியபோது அவள் கனம் எப்படி இருந்தது, எல்லாம். நான் குறுக்கே பேச மாட்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் பேச மாட்டேன். சொல்லி முடித்த பிறகு முன்னறைக் கட்டிலில் படுத்துத் தூங்க வேண்டும், எவ்வளவு நேரம் தூக்கம் வந்தாலும். அன்றைக்கு வாண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவள் அம்மா. உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நான்.

உன் அக்கா.